வாத்து ஏறாத பத்து மணி ரயில்

வெள்ளிக்கிழமை, காலை 9.15.

டெஸ்மண்ட் ஹெய்க் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினான். தொலைக்காட்சித் திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. திரை வெறுமையாக நின்றது. ரெக்கார்டரையும் கணினியையும் இணைத்த கம்பியைப் பிடுங்கிவிட்டுக் காதைக் கொடுத்தான். கணினி விளையாட்டுகள் பாட்டுக் கேசட்டிலேயே பதிந்து வந்த காலம் அது; கணினி கேசட் என்றால் காதைக் கிழிக்கும் கீச்சொலி வரும். வந்தது பித்தளை வாத்தியங்களின் அணிவகுப்பு இசை.

அவன் பின்னால், பார்சல் கட்டச் சணல் கயிற்றோடு நின்றிருந்த கிளைவ் பாராக்லஃப் கயிற்றைக் கீழே போட்டான்.

"இது நம்ம வாத்து இல்லையே," என்றான்.

சவர்பி பிரிட்ஜ் என்ற பள்ளத்தாக்கு ஊரில், கால்வாய்க் கரையில், மீன்-சிப்ஸ் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் லாக்சைட் சாஃப்ட்வேர் நிறுவனம். ஆட்கள் மூன்றே பேர். நிரல் எழுதுபவன் டெஸ்மண்ட். திரைப் படங்களை வரைபவள் இவோன் கிரீன்வுட். விற்பவன் கிளைவ். பத்து மாதமாக அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு விளையாட்டு, 'கேப்டன் வால்டர்'.

கேப்டன் வால்டரைத் தெரியாதவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. மாலைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடமாக வரும் சித்திரத் தொடர். நிலக்கரிப் படகு ஓட்டும் வாத்து ஒன்று. வலக்கண்ணில் கறுப்புப் பட்டை. ரெஜினால்ட் என்ற நரி எப்போதும் பட்டை போட்ட பக்கமாகப் பதுங்கி வந்து வாத்தின் பன்களைத் திருடும். வாசகர்களுக்கு நரி தெரியும், வாத்துக்குத் தெரியாது. இவ்வளவுதான் கதை. ஊரே இதற்குச் சிரித்தது, தினமும்.

அந்த வாத்துதான் இப்போது காணாமல் போயிருந்தது. கேசட் பத்து மணி ரயிலில் லீட்ஸுக்குப் போயாக வேண்டும். அங்கே பிரதி எடுக்கும் தொழிற்சாலை அன்றிரவை மட்டும் இவர்களுக்கு ஒதுக்கியிருந்தது. விட்டால் அடுத்த முறை ஜனவரியில். கிறிஸ்துமஸுக்கு முன் கடைக்கு வராத விளையாட்டை அதன் பிறகு யாரும் சீந்தப் போவதில்லை. டெஸ்மண்ட் கம்பள ஆலைக்கும், இவோன் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதவும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இவோன் தெருவைக் கடந்து எதிரே இருந்த காவல் நிலையத்துக்கு ஓடினாள்.

சார்ஜெண்ட் மேவிஸ் ஓல்ட்ராய்ட் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பையில் கேப்டன் வால்டர் படம். ஐம்பதை நெருங்கும் வயது, தடித்த உருவம், யாராக இருந்தாலும் 'கண்ணு' என்றே கூப்பிடும் வழக்கம். திருட்டு என்றதும் தலை நிமிரவில்லை. எது திருடு போனது என்று கேட்டதும் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

9.40.

அறையில் இரண்டு கணினிகள், ஒரு தொலைக்காட்சி, ஒரு ரெக்கார்டர். சுவரில் தொடரை வரைபவரான மிஸ் ஈனிட் த்வெய்ட் தன் கையால் வரைந்து கொடுத்த படம்: கேப்டன் வால்டர் இடப்பக்கம் திரும்பி, ஒற்றைக் கண்ணை அகல விழித்து, நரியைத் தேடிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு இரும்பு அலமாரி. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

சாவி கிளைவிடம் ஒன்று, டெஸ்மண்டிடம் ஒன்று. நேற்று மாலை ஆறரைக்கு அலமாரியைப் பூட்டியது டெஸ்மண்ட். காலையில் திறந்ததும் அவனே. கேசட்டின் பெட்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்திருக்கிறது. உள்ளே இருந்தது மட்டும் வேறு.

"வேற பிரதி இல்லையா, கண்ணு?" என்று கேட்டாள் சார்ஜெண்ட்.

"இருக்கு. பத்திரமா இருக்கணும்னு ரெண்டு தடவை பதிஞ்சு வச்சேன்."

"எங்க?"

டெஸ்மண்ட் கழுத்து வரை சிவந்தான். "அதே கேசட்டோட மறுபக்கத்துல."

இவோன் கண்களை மூடிக்கொண்டாள். சார்ஜெண்ட் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கால்வாயைப் பார்த்தாள்.

நேற்று நடந்ததை மூவரையும் தனித்தனியாக மாடிப்படிக்கு அழைத்துக் கேட்டாள். மூன்று பேர் சொன்னதும் ஒத்துப்போனது. ஐந்தரைக்கு விளையாட்டைக் கடைசி முறையாகக் கணினியில் ஏற்றிச் சோதித்தார்கள். நன்றாக ஓடியது. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டெஸ்மண்டும் இவோனும் சிப்ஸ் வாங்கக் கீழே போனார்கள், வரிசை நீளம். விளையாட்டு ஓடிக்கொண்டிருந்த கணினிக்குக் காவலாகக் கிளைவ் மேலேயே இருந்தான். நடுவில் இவோன் மணிபர்ஸ் எடுக்க ஒரு முறை மேலே வந்தாள். அப்போது கிளைவ் படிக்கட்டுத் திருப்பத்தில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்ததும் கிளைவ் பாண்டு வாத்தியக் குழுவின் பயிற்சிக்குப் போய்விட்டான்; அவன் அதில் கார்னெட் வாசிப்பவன். இவோன் பேருந்துக்கு ஓடினாள். டெஸ்மண்ட் பூட்டிவிட்டுக் கிளம்பினான்.

ஆக, மூன்று பேருமே அந்த அறையில் கொஞ்ச நேரமாவது தனியாக இருந்தவர்கள்.

"அலமாரியில கேசட்ட வச்சது நீதானே?" என்று டெஸ்மண்டிடம் மறுபடி கேட்டாள் சார்ஜெண்ட்.

"ஆமா."

"ரெக்கார்டர்லேர்ந்து எடுத்து, பெட்டியில போட்டு?"

டெஸ்மண்ட் யோசித்தான். "இல்ல. பெட்டி டிவி மேல இருந்துச்சு. கையில எடுத்தேன், கனமா இருந்துச்சு. உள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

"அப்ப நீ பூட்டி வச்சது பெட்டிய. கேசட்ட இல்ல."

பூட்டும் சாவியும் அந்த நொடியோடு வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. திருட்டு நடந்தது பூட்டுவதற்கு முன்.

பத்து மணி ரயில் கூவிவிட்டுப் போனது. மூவரும் ஜன்னல் வழியே அதன் புகையற்ற முதுகைப் பார்த்தார்கள். கிளைவ்தான் முதலில் வாய் திறந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு ரயில் இருக்கிறது என்றான், அதுதான் கடைசி.

பெட்டிக்குள் இருந்த பாண்டு கேசட் யாருடையது என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கிளைவின் மேசை, நாற்காலி, கோட்டுப் பை என்று எங்கும் அந்தக் குழுவின் கேசட்டுகள்தான்.

"நானே திருடிட்டு என் விலாச அட்டைய உள்ள வச்சுட்டுப் போவேனா?" என்றான் கிளைவ்.

"அவ்வளவு புத்தி உனக்குக் கெடையாதுன்னு நான் சாட்சி சொல்றேன்," என்றாள் இவோன்.

"பாருங்க சார்ஜெண்ட், கூடவே இருந்து குழி பறிக்கறா."

"குழி வேண்டாம். கால்வாய் பக்கத்துலயே இருக்கு."

கால்வாய்ப் பேச்சுக்குக் காரணம் சார்ஜெண்டுக்கும் தெரியும். திங்கட்கிழமை சிப்ஸ் வரிசையில் அவளும் நின்றாள். பத்து மாதமும் டெஸ்மண்டும் இவோனும் 'இதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்லிச் சொல்லியே தேதியைத் தள்ளிக்கொண்டு போனதில் கிளைவ் வெறுத்துப் போயிருந்தான். கையில் வினிகர் பாட்டிலோடு, ஊர் கேட்க ஒரு சட்டம் போட்டான்: "புதன்கிழமைக்கு அப்புறம் நம்ம மூணு பேர்ல எவன் மாத்தணும்னு வாயத் தொறக்கறானோ, அவன் போட்ட துணியோட கால்வாயில குதிக்கணும். நான் உட்பட." வரிசையே கைதட்டியது. நவம்பர் மாதக் கால்வாய்.

11.00.

இவோனுக்கு ஒரு நினைவு வந்தது. நிறங்களைச் சரிபார்க்கப் போன வாரப் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவளே மறந்திருந்தாள். ஓடிப் போய் எடுத்து வந்தாள். ஆனால் அது தொழிற்சாலைக்கு உதவாது. மூன்றாவது மதகைத் தாண்டினால் படகு நின்றுவிடும், கணினியும் நின்றுவிடும். அந்தக் கோளாறைச் சரிசெய்ய டெஸ்மண்டுக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வார வேலைதான் காணாமல் போன கேசட்டில் இருந்தது.

"இருக்கட்டும், போடு," என்றாள் சார்ஜெண்ட். "வாத்தைப் பாக்கணும்."

அவள் மடியில் சிப்ஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, சட்டமாக நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் விளையாடினாள். விசாரணை இதுதானா என்று டெஸ்மண்ட் இவோனைக் கண்ணாலேயே கேட்டான். சார்ஜெண்ட் வாத்தை வலப்பக்கம் நடத்தினாள், இடப்பக்கம் திருப்பினாள், மறுபடி வலப்பக்கம். நரி இரண்டு பக்கமும் வந்து பன்களை அள்ளிக்கொண்டு போனது.

ஒரு கட்டத்தில் கையை நிறுத்திவிட்டுச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு திரையை. அப்புறம் கடைசிச் சிப்ஸைத் தின்றுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"மிஸ் த்வெய்ட் இந்த விளையாட்ட இன்னும் பாக்கலையா?"

பார்க்கவில்லை. பத்திரிகைகளுக்கு அனுப்பிய அசையாத படங்களை மட்டும் பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் வாத்து வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு இரண்டு மணிக்கு வருகிறார். ஆனால் அது கடைகளில் ஒட்டும் சுவரொட்டிகளில் கையெழுத்துப் போட மட்டும். போன மாதமே பேசி வைத்தது.

2.00.

மிஸ் ஈனிட் த்வெய்ட் கனத்த கம்பளிக் கோட்டோடு படியேறி வந்தார். ஒல்லியான, சுறுசுறுப்பான பெண்மணி. விரலில் எப்போதும் மை. கழுத்தில் ஒரு கண்ணாடி தொங்கியது. கைப்பையைத் துழாவி இன்னொன்றை எடுத்தார்.

"கையெழுத்துக்கு இது போதும்," என்று கழுத்தில் இருந்ததைத் தொட்டுக் காட்டினார். "ஆனா கிளைவ் இன்னைக்குக் காலைல எட்டரைக்கே போன் பண்ணி, டிவி பாக்கற கண்ணாடிய மறந்துடாதீங்கன்னு சொன்னாரு. எனக்கும் ஆசைதான். என் வாத்து நடக்கறத நான் பாத்ததே இல்ல."

விஷயத்தை அவரிடம் சொன்னார்கள். அவர் டெஸ்மண்டின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். பழைய பிரதியையாவது காட்டுங்கள் என்றார்.

திரையில் கேப்டன் வால்டர் படகின் முனையிலிருந்து நடந்தது. மிஸ் த்வெய்ட் சிறுமி மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாத்து படகின் ஓரம் வரை போய்த் திரும்பியது. இடப்பக்கம் நடந்தது.

அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா," என்றார் இவோனிடம், ரொம்ப மெதுவாக. "இவனுக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சா?"

வாத்தின் பட்டை வலக்கண்ணில். வலப்பக்கம் நடக்கும்போது பட்டை தெரியும். இடப்பக்கம் திரும்பினால் நல்ல கண் தெரிய வேண்டும். ஆனால் கணினியின் நினைவகத்தில் இரண்டு வாத்துகளுக்கு இடமில்லை. டெஸ்மண்ட் ஒரே வாத்தை வைத்துக்கொண்டு, திரும்பும்போது கண்ணாடியில் காட்டுவது மாதிரி அதையே புரட்டிப் போட்டிருந்தான். வாத்தோடு சேர்ந்து பட்டையும் புரண்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பட்டை. நரி எந்தப் பக்கமும் வரலாம். இருபத்தெட்டு வருடக் கதை அங்கேயே செத்துப் போயிருந்தது.

இவோன் இதை ஏப்ரலிலேயே சொன்னாள். 'அது வாத்து, கண் டாக்டர் வந்து பாக்கப்போறாரா' என்று கிளைவ் அன்றைக்குக் கிண்டலடித்தான். அவள் அதை இப்போது சொல்லிக்காட்டவில்லை.

கிளைவ்தான் பேசினான். "மிஸ் த்வெய்ட்டே சொல்றாங்கன்னா மாத்தித்தானே ஆகணும். அவங்க நம்ம மூணு பேர்ல சேத்தி இல்லையே. சட்டம் அவங்களுக்குக் கெடையாது."

"கிளைவ் கண்ணு," என்றாள் சார்ஜெண்ட் ஓல்ட்ராய்ட். "அந்தப் பாண்டு கேசட்டோட பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு பெட்டி உண்டு. பாண்டு கேசட் வாத்தோட பெட்டிக்குள்ள வந்துடுச்சு. அதோட சொந்தப் பெட்டி எங்கயோ இருக்கணும். காலியாவா இருக்கும்?"

"உடைஞ்சுபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"நேத்து ராத்திரி உன்கூட வெளிய போயிட்டு வந்தது கார்னெட் பெட்டிதானே. அத எடுத்து ஒரு பாட்டு வாசி, கேப்போம்."

கிளைவ் அசையவில்லை. அவன் மேசைக்கடியில் இருந்த கார்னெட் பெட்டியை இவோன் இழுத்துத் திறந்தாள். பளபளக்கும் வாத்தியத்துக்குப் பக்கத்தில், மெத்தென்ற துணி மடிப்பில், பாண்டுக் குழுவின் பெயர் போட்ட ஒரு பெட்டி. அதற்குள் டெஸ்மண்டின் கையெழுத்தோடு கேசட்.

டெஸ்மண்ட் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவனுக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள் இவோன்.

சார்ஜெண்ட் அவசரப்படாமல் சொன்னாள். கேசட்டை ஒழித்துக்கட்ட நினைப்பவன் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டுப் போயிருப்பான். கனத்துக்கு வேறு கேசட் வைத்தவன், இரவு முழுக்க யாரும் தேடக்கூடாது, காலையில்தான் தெரியவேண்டும் என்று நினைத்தவன். டெஸ்மண்ட் அனுப்பும் முன் ஒரு தடவை போட்டுப் பார்ப்பான் என்று தெரிந்தவன். அவனுக்கு வேண்டியது கேசட் இல்லை. பத்து மணி ரயிலைத் தவறவிட வேண்டும், நாலு மணி ரயிலைத் தவறவிடக்கூடாது. நடுவில் நடக்கப்போவது என்ன? இரண்டு மணிக்கு மிஸ் த்வெய்ட் வருவது ஒன்றுதான்.

"இதுவரைக்கும் மூணு பேர்ல யாரா வேணா இருக்கலாம். இவோன்தான்னு பாதி நேரம் நெனச்சேன், மன்னிச்சுக்கோ கண்ணு. ஏன்னா வாத்தோட கண்ணப் பத்திக் கவலைப்பட வேண்டியவ நீதான். ஆனா கண்ணாடி." அவள் மிஸ் த்வெய்ட்டின் மூக்கைக் காட்டினாள். "எட்டரைக்குப் போன் பண்ணி, டிவி பாக்கற கண்ணாடி கொண்டாங்கன்னு கிளைவ் சொல்லியிருக்கான். எட்டரைக்குக் கேசட் திருடு போனது யாருக்கும் தெரியாது. திருட்டே நடக்காம இருந்திருந்தா ரெண்டு மணிக்கு அது லீட்ஸ்ல இருக்கும். இவோன் வீட்டுல பழசு ஒண்ணு இருக்கறது அவளுக்கே பதினோரு மணிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் டிவில எதக் காட்டறதா இருந்த, கிளைவ்?"

கிளைவ் நாற்காலியில் உட்கார்ந்தான்.

நேற்று அவர்கள் சிப்ஸ் வாங்கப் போனபோது அவன் தனியாக ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்திருக்கிறான். பத்து மாதமாக விற்றுக்கொண்டிருந்தவன், முதல் முறையாக விளையாடினான். வாத்து திரும்பியது. ஆறு வயதில், அம்மை போட்டுப் படுத்திருந்தபோது, அம்மா தினமும் கத்தரித்துக் கொண்டுவந்து கட்டிலில் ஒட்டிய வாத்து. அதற்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை.

"வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே," என்றாள் இவோன்.

"சொல்லியிருந்தா நீ ஏப்ரல்ல சொன்னது சரின்னு ஒத்துக்கணும்."

"அதனாலயா?"

"அப்புறம் கால்வாய்," என்றான் கிளைவ். "தண்ணி எப்படி இருக்குன்னு பாத்தியா? ஓரத்துல ஐஸு."

முதலில் சிரித்தது மிஸ் த்வெய்ட். அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. டெஸ்மண்ட் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ஏற்கனவே கணினியின் முன் உட்கார்ந்திருந்தான்.

2.40.

வழி இருந்தது. வாத்தைப் புரட்டிய பிறகு கண் இருக்கும் இடத்தில் மட்டும் நாலைந்து புள்ளிகளை அழித்து எழுதினால் போதும். இவோன் நல்ல கண்ணை ஏப்ரலிலேயே வரைந்து வைத்திருந்தாள். பிரச்சினை இடம். நினைவகத்தில் ஊசி குத்தக்கூட இடமில்லை. டெஸ்மண்ட் படகின் புகையை எடுக்கலாமா என்று பார்த்தான், இவோன் விடவில்லை. விளையாட்டில் வரும் பாட்டைச் சுருக்கலாமா என்றான். அதற்குக் கிளைவ் தலையை நிமிர்த்தினான், சார்ஜெண்ட் பார்த்த பார்வையில் மறுபடி குனிந்துகொண்டான்.

"தொடக்கத்துல ஒரு பேரு வருதே," என்றாள் சார்ஜெண்ட். "'தயாரிப்பு: கிளைவ் பாராக்லஃப்'. அது எவ்வளவு இடம் பிடிக்கும்?"

டெஸ்மண்ட் கணக்குப் போட்டான். திரும்பி, நீண்ட நேரத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தான். "கண்ணு உள்ள போக அது போதும்."

பெயரைக் கிளைவே அழித்தான். எழுத்து எழுத்தாக, பின்னாலிருந்து முன்னால்.

3.25.

கேப்டன் வால்டர் வலப்பக்கம் நடந்தது, பட்டை. இடப்பக்கம் திரும்பியது, ஒற்றை வெள்ளைப் புள்ளி, நடுவில் கறுப்பு. நரி அந்தப் பக்கமாக வந்தது. வாத்து பார்த்தது. நரி ஓடியது. மிஸ் த்வெய்ட் தொலைக்காட்சிக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார்.

டெஸ்மண்ட் விளையாட்டை இரண்டு முறை பதிந்தான். இந்த முறை இரண்டு தனித்தனிக் கேசட்டில். ஒன்று ரயிலுக்கு. மற்றொன்றைச் சார்ஜெண்ட் கேட்காமலேயே எடுத்துத் தன் சீருடைப் பையில் போட்டுக்கொண்டாள். தடயம் என்றாள். எந்த வழக்குக்கு என்று யாரும் கேட்கவில்லை. அவள் எதையும் பதிவு செய்திருக்கவும் இல்லை.

நாலு மணி ரயில் வாத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

4.10.

சிப்ஸ் கடை வரிசை முழுவதும் கால்வாய்க் கரைக்கு நகர்ந்திருந்தது. செய்தி எப்படிப் பரவியது என்று கிளைவ் இவோனிடம் கேட்டான். அவள் தெரியாது என்றாள். முகத்தில் பொய் வழிந்தது. பாண்டுக் குழுவிலிருந்து இரண்டு பேர் வாத்தியத்தோடு வந்திருந்தார்கள். தான் வாயைத் திறந்து மாற்றம் கேட்கவே இல்லை, கேட்டது மிஸ் த்வெய்ட் என்று கிளைவ் கடைசியாக ஒரு வாதத்தை வைத்தான். சார்ஜெண்ட் அதைப் பரிசீலித்தாள். திருட்டு வழக்கு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அவன் டையை இறுக்கிக்கொண்டு குதித்தான்.

தலை தண்ணீருக்கு மேலே வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. இரண்டாவது, "இவோன் சொன்னது சரி." ஊர் கேட்கச் சொன்னான். இவோன் போர்வையோடு படித்துறையில் காத்திருந்தாள். மெய்யான வாத்துகள் நாலைந்து தள்ளிப் போய் நின்று அவனைப் பார்த்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், கேப்டன் வால்டரின் படகு வழக்கம்போல மதகைக் கடந்தது. முன்னால் ரெஜினால்ட் நரி, பட்டை போட்ட பக்கமாக, பன் கூடையை நோக்கி. பின்னால் தண்ணீரில் கோட்டும் டையுமாக ஒரு ஆள், தலையில் பாசியோடு. வாத்து இடப்பக்கம் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது, நல்ல கண்ணை அகல விழித்து. நரி அதற்குள் கூடையையே தூக்கிவிட்டது.